வயலற்ற ஊரின் நாற்றங்கால்: மண்ணில்லாப் பயிர்வளர்ப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என நீளும் தெருக்களில் அண்ணாந்து பார்த்தபடி நடப்பவர்களுக்குச் சில மொட்டைமாடிகளில் ஒரு புதிய காட்சி கண்ணில் படும். பச்சை நிழல்வலைக் கூடாரம். உள்ளே படிப்படியாக அடுக்கிய வெள்ளை பி.வி.சி. குழாய்கள். குழாய்களில் வரிசையாகத் துளைகள். துளைக்கொன்றாகக் கீரையும் புதினாவும். மண் ஒரு கைப்பிடிகூட இல்லை. உப்புகள் கரைந்த நீர் குழாய்க்குள் ஓட, வேர்கள் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே குழித்தட்டுகளில் அடுத்த போகத்துக்கான நாற்றுகள்.

அப்படியொரு மாடிக்கு எங்களில் இருவர் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். ஒரு செடியைத் தூக்கி வேரைக் காட்டினார். பஞ்சு போல வெளுத்த, அழுக்கே படாத வேர். "இது முழுக்க வெளிநாட்டு டெக்னாலஜி சார், நம்ம ஊருக்கு இப்பதான் வந்திருக்கு" என்றார் பெருமிதத்தோடு. நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். பின்னர் தேடிப் படித்தபோதுதான் அவர் சொன்னதில் பாதியே உண்மை என்று தெரிந்தது. இத்துறையின் குறிப்பிடத்தக்க நூல்களுள் ஒன்று 1951இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே வங்காளம் இருக்கிறது. அதில் பேசப்படும் முறைக்கு மின்சாரமும் வேண்டாம், குழாயும் வேண்டாம். அந்தக் கதையை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

*

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் கண்ணகியின் திருமணத்தின்போது முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வருகிறார்கள். இன்றும் சில சமூகத் திருமணங்களில் பாலிகை தெளிப்பது உண்டு. அம்மன் கோவில் திருவிழாக்களில் அது முளைப்பாரி. சட்டியில் வைக்கோலும் எருவும் இட்டு, ஊறவைத்த தானியங்களைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளிப்பார்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெளிர்மஞ்சளாகப் பயிர் எழும்பி நிற்கும். இருட்டில் வளர்வதால் பச்சையம் உண்டாவதில்லை. ஒளியைத் தேடித் தண்டு மட்டும் நீள்கிறது. அந்த ஆண்டின் விதை முளைக்கும் திறனுள்ளதா என்று ஊர்கூடிப் பார்க்கும் சோதனையே இந்தச் சடங்கின் வேர் என்று கருதுவோர் உண்டு.

முளைப்பாரி ஓர் உயிரியல் உண்மையின் மீது நிற்கிறது. விதைக்குள் இருக்கும் சேமிப்பே இளம் பயிருக்கு முதற்சில நாட்களின் உணவு. அதுவரை அதற்கு வேண்டியவை ஈரமும் காற்றும் கதகதப்பும்தான். மண் வெறும் தாங்கி. நெல்லுழவர் இதை நன்கறிவர். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி மேலும் ஒரு நாள் இருத்தி, முளை வெடித்த பின்னரே நாற்றங்காலில் விடுகிறார்கள். ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் என்பது வழக்கமான கணக்கு. அந்த எட்டு சென்டில் குழந்தைகளைப் போலப் பயிரைக் கண்காணித்து, குறுகிய கால ரகமென்றால் மூன்று வாரத்தில் பறித்து நடவேண்டும்.

பிலிப்பைன்ஸ் உழவர்கள் இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார்கள். அவர்களுடைய 'டாபோக்' முறையில் நாற்றங்காலுக்கு மண்ணே தேவையில்லை. சிமெண்டுத் தரையிலோ, நடுநரம்பு நீக்கிப் பரப்பிய வாழையிலை மீதோ முளைவிட்ட நெல்லை நெருக்கமாகப் பரப்பி, நீர் தெளித்து, அவ்வப்போது மெல்ல அழுத்திவிடுவார்கள். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாய் போலாகிவிடும். இரண்டு வாரத்துக்குள் அந்தப் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போகலாம். உயர்விளைச்சல் நெல் ரகங்கள் பரவிய காலத்தில் இம்முறை இந்தியாவிலும் அறிமுகமானது. தமிழ்நாட்டின் வேளாண் கையேடுகளிலும் இடம்பெற்றது. சுருட்டிய நாற்றுப்பாய் இறுதியில் வயலுக்குத்தான் போனது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

*

விதையின் சேமிப்பு தீர்ந்த பிறகு செடி எதைத் தின்கிறது? ஐரோப்பிய அறிஞர்கள் இக்கேள்வியோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மோன்ட் 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் வெறும் நீர் ஊற்றினார். மரம் 169 பவுண்டானது. மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ் மட்டும். ஆகவே நீரே மரமாகிறது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பின் 1648இல் இது அச்சேறியது. காற்றிலிருந்து செடி எடுத்துக்கொள்ளும் கரியை அவர் அறிந்திருக்கவில்லை. இரண்டு அவுன்ஸைப் புறக்கணித்ததும் பிழையே. பின்வந்த வரலாறு அந்த இரண்டு அவுன்ஸின் வரலாறுதான் எனலாம்.

1699இல் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாவகைச் செடியை மழைநீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், தோட்டமண் கலக்கிய நீரிலும் வளர்த்து நிறுத்துப் பார்த்தார். கலங்கல் நீரில் வளர்ந்ததே அதிகம் பருத்தது. நீரில் ஏதோ கரைந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த 'ஏதோ' எவை என்பதை 1860களில் ஜெர்மானியர்களான ஜூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் தெளிவாக்கினார்கள். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், சிறிது இரும்பு உப்பு. இவற்றைக் கரைத்த நீரில் மண்ணே இல்லாமல் செடி பூத்துக் காய்த்தது. ஆனால் அவர்களுக்கு அது ஆய்வுக்கூடக் கருவி மட்டுமே. அதைக்கொண்டு யாருடைய பசியையும் ஆற்றலாம் என்று அவர்கள் எண்ணவில்லை.

அவ்வாறு எண்ணியவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. 1929இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்ட அவர், தொட்டிகளில் இருபத்தைந்து அடி உயரத் தக்காளிக் கொடிகளை வளர்த்துக் காட்டினார். ஏணி வைத்துக் காய் பறிக்கும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஹைட்ரோபோனிக்ஸ் என்ற சொல்லை 1937இல் அச்சில் பயன்படுத்தியவர் அவரே. சக பேராசிரியர் செட்செல் எடுத்துக்கொடுத்த சொல் அது. கிரேக்கத்தில் நீர், உழைப்பு என்னும் இரு சொற்களின் கூட்டு. நீரின் உழைப்பு.

இங்கே கதையில் ஒரு பூசல் வருகிறது. தோட்டம் போடுவோரும் வணிகர்களும் கலவையின் விவரத்தைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் குவித்தார்கள். ஆய்வைத் தம் சொந்த நேரத்தில் செய்ததாகச் சொல்லி விவரங்களைத் தர மறுத்தார் கெரிக்கி. பல்கலைக்கழகம் டென்னிஸ் ஹோக்லண்ட், டேனியல் ஆர்னன் என்ற இரு தாவரவியலாளர்களைப் பணித்தது. அவர்கள் முதலிலிருந்து சோதித்து, 1938இல் 347ஆம் எண்ணிட்ட சுற்றறிக்கையாக வெளியிட்டார்கள். எந்த உப்பு எவ்வளவு என்பது வெளிப்படையாக அதில் அச்சிடப்பட்டிருந்தது. இன்று தாம்பரத்து மாடியில் பயன்படும் கரைசல் புட்டிகளின் மூதாதை அந்தச் சிறுவெளியீடே.

அதன் இன்னொரு பகுதியைச் சொல்பவர்கள் குறைவு. நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிட நீர்வளர்ப்பில் கிடைப்பது மேம்பட்டதன்று, ஒளியும் வெப்பமும் ஒன்றாயின் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்று அவர்கள் எழுதினார்கள். நல்ல மண் இல்லாத இடத்தில்தான் இதற்கு வேலை. முறையைத் திறந்து கொடுத்தவர்களே அதன் எல்லையையும் சொல்லிவிட்டார்கள் என்பது எங்களைக் கவர்ந்தது.

*

நல்ல மண் இல்லாத இடங்களை உலகப்போர் காட்டிக்கொடுத்தது. அட்லாண்டிக்கின் நடுவே எரிமலைப் பாறையாகக் கிடக்கும் அசென்ஷன் தீவில், 1945இல் அமெரிக்கப் படை சரளைப் பாத்திகளில் காய்கறி விளைத்தது. போருக்குப் பின் ஜப்பானின் சோஃபுவிலும் அப்படியே. இவையெல்லாம் பம்பும் தொட்டியும் பொறியாளரும் வாய்த்த பெருமுயற்சிகள்.

இந்தியாவின் சூழல் வேறு. 1943இன் வங்கப் பஞ்சத்தில் மாண்டவர்கள் இருபது முப்பது லட்சம் என்று கணக்கிடப்படுகிறது. அந்த நினைவு ஆறாத 1946இல், டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பொங்கில் வங்க அரசின் ஆய்வுப் பண்ணையொன்றில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் சோதனைகளைத் தொடங்கினார். விலையுயர்ந்த சாதனம் எதுவுமின்றி, நிலமற்ற ஒரு குடும்பம் தன் வாசலிலோ கூரையிலோ இதைச் செய்துகொள்ள முடியுமா என்பதே அவருடைய கேள்வி.

விடை எளிமையாக இருந்தது. பழைய தகரம், மரப்பெட்டி, கையால் பூசிய தொட்டி, எதுவானாலும் சரி. அதில் உடைத்த கல்லோ செங்கல் ஜல்லியோ மணலோடு கலந்து நிரப்பவேண்டும். உப்புகளைக் கரைசலாக்கவும் தேவையில்லை. உலர்ந்த உப்புக் கலவையை அளவாகத் தூவி, மேலே நீர் தெளித்தால் போதும். 1951இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த அவருடைய நூல் இதை 'வங்காள முறை' என்றே அழைக்கிறது. பின்னாளில் டக்ளஸ் ராபர்ட் ஹார்ட்டோடு சேர்ந்து மரங்களை நம்பிய வேளாண்மை குறித்து 1976இல் ஒரு நூல் எழுதினார். மண்ணில்லாமல் வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர், கடைசியில் மண்ணில் ஆழ வேர்விடும் மரங்களிடம் வந்து சேர்ந்தார்.

இந்த முறை நம் ஊர்களில் வேர் பிடிக்கவில்லை. எங்களுக்குத் தோன்றும் காரணம் எளியது. ஐம்பதுகளில் தாம்பரத்தில் யாருக்கும் மண்ணுக்குப் பஞ்சமில்லை.

*

நாற்றை முன்கூட்டியே எழுப்புவதற்கும் தனி வரலாறு உண்டு. நத்தேனியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் புல்லும் பெரணியும் தாமே முளைத்திருப்பதை 1829இல் கவனித்தார். அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகள் செடிகளைக் கடல் தாண்டச் செய்தன. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனாக் கன்றுகளை அத்தகைய பெட்டிகளில்தான் உதகைக்குக் கொண்டுவந்தார். முதல் தொகுதி பிழைக்கவில்லை. அடுத்தடுத்து வந்தவற்றைத் தோட்டக் கண்காணிப்பாளர் மெக்கைவர் கண்ணாடிக் கூரையின் கீழ் பதியன்களாகப் பெருக்கினார். நீலகிரியில் கொய்னா மரத் தோட்டங்கள் எழுந்தது இவ்வாறே.

குளிர்நாட்டுக்குக் கண்ணாடி வீடு வெயிலைச் சிறைபிடிக்கும் உத்தி. பனி விலகும் முன்பே உள்ளே நாற்று தயாராகிவிடும். அதே உத்தியைத் தாம்பரத்தில் செய்தால் செடி வெந்துவிடும். அக்கினி நட்சத்திர நாட்களில் இங்கே வேண்டியது வெயிலை வெளியே நிறுத்தும் கூரை. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டியது மழையின் அறையைத் தாங்கும் கூரை. ஆனி முடிவில் வலைக்குக் கீழே குழித்தட்டில் தக்காளி, மிளகாய், கத்தரி விதைத்தால், ஆடிப்பட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இருபத்தைந்து முப்பது நாள் நாற்று கைக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்குள் செடி காலூன்றிக்கொள்ளும். நம் பசுமைக்குடில் உண்மையில் ஒரு நிழற்குடில்.

இதை நாங்கள் பட்டே அறிந்தோம். வங்கி நண்பரின் உற்சாகம் தொற்றிக்கொள்ள, சேலையூரில் எங்களில் ஒருவரின் மாடியில் குழாய் அமைத்து, ஒரு சித்திரை மாதத்தில் லெட்யூஸ் நட்டோம். பத்தாம் நாள் வேர்கள் பழுப்பேறிக் கொழகொழத்தன. காரணம் பாடநூலிலேயே இருக்கிறது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 பாகையில் ஏழரைதான். நீர் சூடாகச் சூடாக வேரின் சுவாசத் தேவை கூடுகிறது. கிடைக்கும் காற்றோ குறைகிறது. இடையில் மின்சாரம் போய் மோட்டார் நின்றால் குழாயின் மெல்லிய நீரோட்டமும் நின்றுவிடும். அழுகல் பூஞ்சைகளுக்கு அதுவே விருந்து.

அதன் பிறகு வழி மாறினோம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி வகுத்த முறையில் மோட்டார் கிடையாது. மூடிய வாளியில் கரைசல், மூடியில் செடி. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். இடைவெளியில் தொங்கும் வேர்கள் காற்றை உறிஞ்சும், கீழ்நுனிகள் நீரை உறிஞ்சும். வாளியை வெள்ளைத் துணியால் சுற்றி நிழலில் வைத்தோம். மூடியில் ஊசியளவு சந்தும் விடவில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தம்ளர் தெளிந்த நீரே போதும் என்பதை நம் புறநகரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. லெட்யூஸைக் கைவிட்டு வல்லாரையும் தண்டுக்கீரையும் வைத்தோம். வந்தன.

வங்காள முறையும் வேறொரு வடிவில் நம் மாடிகளுக்கு வந்துவிட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். 2013-14இல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை வழங்கத் தொடங்கியது. பையும் விதையும் தென்னை நார்க்கழிவுக் கட்டியும் அடங்கிய தொகுப்பு அது. நார்க்கழிவு மண்ணன்று, நீரைப் பிடித்துவைக்கும் தாங்கி மட்டுமே. பொள்ளாச்சியில் அழுத்திக் கட்டிய அந்தக் கட்டிகள் நெதர்லாந்தின் கண்ணாடி வீடுகளுக்கும் கப்பலேறுகின்றன. நார்க்கழிவுப் பையில் கத்தரி வைத்திருக்கும் இல்லத்தரசிக்குத் தாம் ஹைட்ரோபோனிக்ஸின் உறவினர் என்பது தெரியாமல் இருக்கலாம்.

*

ஐம்பதுகளில் மண்ணுக்குப் பஞ்சமில்லாத ஊர் எப்படி இங்கே வந்து சேர்ந்தது?

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் புதர்க்காட்டு வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார்கள். அவற்றின் நிழலில் இன்றும் மாணவர்கள் நடக்கிறார்கள். சுற்றிலும் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்காரணை என ஏரிக்கு ஓர் ஊராகவும் ஊருக்கு ஒரு வயல்வெளியாகவும் இருந்தது. ஏரியின் மதகிலிருந்து நீர் இறங்கும் பள்ளமே நஞ்சை. பிறகு நஞ்சை மனையாயிற்று, வாய்க்கால் தெருவாயிற்று. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் தன் பழைய வழியைத் தேடித்தான் வந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டு, அதே தெருக்களில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டின. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது.

ஹோக்லண்டும் ஆர்னனும் வைத்த நிபந்தனை இவ்வாறு எங்கள் ஊரில் நிறைவேறிவிட்டது. நல்ல மண் இல்லாத இடம். அசென்ஷன் தீவில் அது எரிமலை செய்த வேலை. இங்கே நாம் செய்தது. மாடிக்குழாய்களை நாங்கள் குறை சொல்லவில்லை. குறைந்த நீரில் நிறைய கீரை தருகின்றன. ஓய்வுபெற்ற ஒரு மனிதருக்குக் காலையில் எழக் காரணம் தருகின்றன. ஆனால் 'மண்ணே இனித் தேவையில்லை' என்ற விளம்பரக் குரல் கேட்கும்போது, அந்த 1938ஆம் ஆண்டுச் சிறுவெளியீட்டை நினைவூட்டத் தோன்றுகிறது. நெல்லும் பருப்பும் எண்ணெய்வித்தும் குழாயிலிருந்து வருவதில்லை. குழாயில் விளைவது கூட்டுக்கும் துவையலுக்கும் ஆகும். உலைக்கு அரிசி வேறெங்கோ ஒரு வயலிலிருந்துதான் வரவேண்டும்.

சென்ற ஆடியில் எங்கள் குழித்தட்டுகளில் தொண்ணூறு நாற்றுகள் தேறின. தெருவில் கொடுக்க எடுத்துக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி, நாங்கள் குடியிருக்கும் இதே மனைகளில் ஒரு காலத்தில் நடவுக்கு இறங்கியவர். தட்டை வாங்கி ஒரு நாற்றை விரலால் நெம்பி எடுத்து, வேரைப் பார்த்துவிட்டு, "நாத்து நல்லாத்தான் இருக்கு. எங்கேப்பா நடப்போறீங்க?" என்று கேட்டார்.

தொட்டியில், பையில், மதிலோரத்து இரண்டடி இடத்தில் என்று சொன்னோம். அவர் நான்கு கத்தரி நாற்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அதற்குமேல் நட அவர் வீட்டிலும் இடமில்லை.